அண்ணன் விற்காத ஐந்தாம் இதழ்

அண்ணன் இறைவனில் இளைப்பாறச் சென்று இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது அண்ணி அச்சகத்தாரிடம் இரண்டே விஷயங்கள் கேட்டார். தாள் சீக்கிரம் பழுப்பேறாததா, நடுவில் அடிக்கும் கம்பிப் பின் துருப்பிடிக்காததா என்று. அண்ணன் இந்த மலரைக் கையில் வாங்கியிருந்தால், தம் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கம்பிப் பின்னைத்தான் பார்த்திருப்பார். அவரோடு பழகியவர்களுக்கு இது தெரியும். பழகாதவர்களுக்காக, அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

கடத்தூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள எங்கள் ஊரில் அண்ணன் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மழை பெய்தால் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும். அண்ணன் பத்தாம் வகுப்பு தேறிய ஆண்டும் அடுத்த ஆண்டும் மழை இல்லை. மேலே படிக்க வேண்டாம் என்று வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே ஒரு திங்கட்கிழமை காலை தம் புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தருமபுரி பஸ் ஏறினார். அங்கே ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போடும் வேலை கிடைத்தது.

அந்த வேலையைப் பற்றி அண்ணன் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. சாக்குச் சாக்காகச் செய்தித்தாளும் பள்ளி நோட்டும் வரும். பிரித்து, கட்டி, எடை போட்டு, லாரியில் ஏற்ற வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மூட்டையில் அவருக்கு ஒரு படக்கதைப் புத்தகம் அகப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் மாதாமாதம் வெளிவந்து, அறுபது இதழ்களோடு நின்றுபோன ஒரு வரிசையைச் சேர்ந்தது அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்து முடித்துவிட்டு, முதலாளியிடம் கேட்டார்.

"இத நான் எடுத்துக்கட்டுங்களா?"

முதலாளி தராசைக் காட்டினார். "எடைக்கு எடை வேற பேப்பர் வெச்சிட்டு எடுத்துக்கப்பா."

அன்று தொடங்கியது. எங்கள் வீட்டில் தீர்ந்துபோன நோட்டு, கல்யாணப் பத்திரிகை, மாட்டுத் தீவனம் வந்த காகிதப் பை எல்லாம் அண்ணனோடு தருமபுரிக்குப் போகும். மாலையில் அதே எடைக்குப் படக்கதைப் புத்தகங்கள் வீடு வந்து சேரும். ஒரு தகரப் பெட்டியில் பூச்சி வராமல் வசம்புத் துண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் கண்ணாடித் தாளில் உறை போட்டு அடுக்கினார். அம்மாவுக்குத்தான் கவலை.

"நாளைக்குப் பொண்ணு குடுக்கறவிய வந்து பொட்டியத் தொறந்தா, உள்ள பொம்ம பொஸ்தகமா இருக்கும்" என்பார்.

அண்ணனுக்கு இந்தப் புத்தகங்களின் விலையைக் கற்பித்தவர் ஒரு பெங்களூர்க்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தருமபுரி வந்து, பேப்பர் கடைகளில் பழைய பத்திரிகை, பாட்டுப் புத்தகம், படக்கதை என்று பொறுக்கிச் செல்வார். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். அண்ணன் தாம் வைத்திருந்ததிலேயே சிறந்தது என்று நினைத்த ஒன்றைப் பெருமையோடு அவரிடம் நீட்டினார். அவர் அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"டேப் ஒட்டினது யாரப்பா?"

"நான்தாங்க. கிழிஞ்சிருந்துச்சு."

"கிழிஞ்சதா அப்படியே விட்டிருந்தா வாங்கியிருப்பேன். இந்த டேப்பு நாலு வருஷத்துல மஞ்சளாகும், பேப்பரைத் தின்னும். இனிமே ஒட்டாதே."

பிறகு அங்கேயே பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்து அவர் சொன்னவற்றை அண்ணன் பல வருடம் எங்களுக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பழையது என்பதால் மட்டும் விலை வராது. எத்தனை அச்சடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சியது என்பதுதான் கணக்கு. பிள்ளைகள் கிழித்தார்கள், கடலைக்காரர் பொட்டலம் மடித்தார், மழையில் ஒழுகிய கூரை மிச்சத்தை முடித்தது. அதனால்தான் தப்பியதற்கு மதிப்பு. அட்டை வேண்டும். பின் துருவேறிக் கறை படிந்திருக்கக் கூடாது. முதல் பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் விலை இறங்கும். பைண்டிங் செய்கிறேன் என்று ஓரத்தை வெட்டியிருந்தால் இன்னும் இறங்கும். நடுப்பக்கத்தில் இலவச முகமூடி, ஒட்டுப்படம் கொடுத்திருந்தால் அது வெட்டப்படாமல் இருக்க வேண்டும்.

"இதையெல்லாம் யாருங்க வாங்கறாங்க?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"சின்ன வயசுல இதைப் படிச்ச பசங்கதான். இப்போ பேங்க்ல, பம்பாயில, துபாயில இருக்காங்க. அவங்க அம்மா எடைக்குப் போட்டுட்டாங்க இல்லையா, அதைத் திரும்பக் கேக்கறாங்க. ஒண்ணு ரெண்டு கொண்டுவந்தா நான் சொல்றது விலை. ஒண்ணுலேருந்து அறுபது வரைக்கும் வரிசையா நீ வெச்சியானா, நீ சொல்றது விலை."

அந்த வார்த்தை அண்ணனைப் பிடித்துக்கொண்டது. நான்கைந்து வருடத்தில் பன்னிரண்டிலிருந்து அறுபது வரை ஒன்று விடாமல் சேர்த்துவிட்டார். முதல் பதினொன்றுதான் எங்கும் கிடைக்கவில்லை. வந்த புதிதில் அந்த இதழை வாங்கியவர்களே குறைவு. வைத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஒரு வெள்ளிக்கிழமை பென்னாகரத்திலிருந்து பேப்பர் மூட்டைகள் வந்தன. அங்கே ஒருவர் பத்திரிகை ஏஜென்சியை விட்டுவிட்டு, தேங்கிய பேப்பரை மொத்தமாக எடைக்குப் போட்டிருந்தார். ஒரு மூட்டைக்குள், மஞ்சள் துணியில் கட்டி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசையாக இருந்தன. அன்று மாலை அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியே வந்தார். ஒரே மூச்சில் படித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நாளைக்கு இரண்டாகப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து ஆறாவதை முடித்தார்.

திங்கட்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தார். அவர்தான் எங்கள் அண்ணி. அன்று நடந்ததை இருவரும் சொல்ல நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இருவர் சொல்வதும் ஒன்றுபோல இருந்ததில்லை. இரண்டிலும் பொதுவாக உள்ளதை இங்கே எழுதுகிறேன்.

"பென்னாகரத்துலேருந்து வெள்ளிக்கெழம பேப்பர் வந்துச்சுங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"வந்துச்சுங்க" என்றார் அண்ணன்.

"அதுல என்னோட புத்தகம் பதினொண்ணு போயிடுச்சுங்க. எங்கப்பா தெரியாம சேத்துக் கட்டிட்டாரு."

முதலாளி உள்ளேயிருந்து, "எடை போட்டாச்சேம்மா, லாரியும் ஏத்தியாச்சே" என்றார். அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். கடைச் சட்டப்படி அவை அவருடையவைதாம். எடைக்கு எடை பேப்பரும் வைத்துவிட்டார். ஆனாலும், "என்ன புத்தகங்க?" என்று கேட்டுவிட்டார்.

"படக்கதைங்க. ஒண்ணாம் நம்பர்லேருந்து பதினொண்ணு வரைக்கும். மூணாவதுல பின் துருப்புடிச்சு ஒரு கறை இருக்கும். எட்டாவதுல முகமூடி வெட்டாம இருக்கும். அஞ்சாவதுல ராணியோட சேலைக்கு நான் ரோஸ் கலர் அடிச்சிருக்கறேன். அப்ப எனக்கு ஒம்பது வயசு."

அண்ணன் அந்த ரோஸ் சேலையைப் பார்த்திருந்தார். விலை போகாதே என்று வருந்தியும் இருந்தார்.

"லாரி ஏறலைங்க. எங்கூட்ல இருக்குது. நாளைக்குக் கொண்டாரேன்" என்றார்.

அன்று மாலை வீட்டில் மஞ்சள் துணி அவிழவே இல்லை. மிச்சம் ஐந்து புத்தகங்கள் படிக்கக் கிடந்தன. "இன்னொருத்தர் பொருளுன்னு தெரிஞ்சிபோச்சு" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அண்ணி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். அண்ணனால் அடக்க முடியவில்லை.

"ஏழாவதுலேருந்து இன்னும் நான் படிக்கலைங்க."

அண்ணி கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்குதுங்க. ஏழாவத இங்கயே படிங்க. பக்கம் திருப்பறப்ப எச்சி தொடக் கூடாது."

"நான் எச்சி தொட மாட்டேங்க" என்றார் அண்ணன். வாழ்நாளில் தம்மை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை என்று பிற்பாடும் சொல்வார். ஆனால் உட்கார்ந்து படித்தார். அண்ணி எதிரே பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்து, திரும்பும் ஒவ்வொரு பக்கத்தையும் காவல் காத்தார்.

அண்ணி தையல் வேலை செய்பவர். நூலும் பொத்தானும் வாங்க மாதம் ஒருமுறை தருமபுரிக்கு வருவார். அடுத்த மாதம் வரும்போது பையில் எட்டாவது இருந்தது. அதற்கடுத்த மாதம் ஒன்பதாவது. இப்படிப் பதினொன்றும் முடிந்தது. இனி என்ன செய்வது என்ற நிலையில், பன்னிரண்டாவதை அண்ணி படித்ததே இல்லை என்று தெரியவந்தது. அந்த வரிசை பென்னாகரத்தில் விற்பனையாகவில்லை என்று அவர் அப்பா ஒரு வருடத்திலேயே தருவிப்பதை நிறுத்திவிட்டாராம். அதன் பிறகு அண்ணன் பன்னிரண்டிலிருந்து கொண்டுபோனார். மாதம் ஒன்று. இன்னும் நாற்பத்தொன்பது மாதங்கள் கைவசம் இருந்தன.

இடையில் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூட்டையில், கறையில்லாத, வண்ணம் தீட்டாத ஐந்தாம் இதழ் ஒன்று அண்ணனுக்குக் கிடைத்தது. அண்ணியிடம் காட்டினார். "நல்ல காப்பிங்க, வெச்சிக்கங்க" என்று மட்டும் அண்ணி சொன்னாராம்.

அந்தக் கோடையில் எங்கள் கிணறு வற்றியது. குடிக்கவே பக்கத்துத் தோட்டத்தில் போய்ச் சேந்தினோம். இன்னும் பத்து முழமாவது தோண்டி, ஒரு மோட்டாரும் வைத்தால்தான் நிலம் நமக்கு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பெங்களூர்க்காரர் வந்தார். முதல் பதினொன்று பென்னாகரத்தில் இருக்கின்றன என்று கடை முதலாளி சொல்லி அவருக்குத் தெரிந்துவிட்டது. அறுபதும் சேர்ந்தால் தாம் கொடுக்கும் விலையைச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் பங்கு பிரித்தாலும், எங்கள் பங்கில் கிணறும் தோண்டலாம், மோட்டாரும் வைக்கலாம்.

அப்பாவுக்கு அண்ணன் மேல் அதுவரை இல்லாத மரியாதை வந்தது. அண்ணன் "சரிங்கப்பா" என்றார், அவ்வளவுதான். இரண்டு நாள் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் தகரப் பெட்டியோடு பென்னாகரம் போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அம்மா வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டார். அண்ணி வீட்டுத் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"பொண்ணு பாக்க வந்திருக்கறாங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"இல்லைங்க, பொஸ்தகம் விக்க வந்திருக்கறாங்க" என்றார் அண்ணியின் அப்பா. யாரும் நம்பவில்லை.

பெங்களூர்க்காரர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாயில் புத்தகங்களை வரிசையாக வைத்தார். அண்ணியின் பதினொன்று, அண்ணனின் நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றாக எடுத்து அட்டை, பின், பக்கங்கள் எல்லாம் பார்த்தார். மூன்றாவதன் கறையைப் பொறுத்துக்கொண்டார். ஐந்தாவதில் நின்றுவிட்டார்.

"இது யார் வேலை?"

"நான் அடிச்சதுங்க" என்றார் அண்ணி.

"இது செல்லாதும்மா. ஒண்ணு கெட்டா செட்டே கெட்டுது. இதுக்குச் சுத்தமான காப்பி ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. சொன்ன விலைக்கு இப்பவே எடுத்துக்கறேன்."

சுத்தமான காப்பி எங்கள் பெட்டியின் அடியில் இருந்தது. முந்தின நாள் அதை உறையோடு வைத்தவளே நான்தான். சொல்ல வாயெடுத்தவள் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்வான் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இருந்தது. அண்ணனின் கை பெட்டி மூடியின் மேல் இருந்தது. அந்த நேரத்தில் அவர் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

அண்ணிதான் முதலில் பேசினார். "இல்லைங்க. இது ஒண்ணுதாங்க."

பெங்களூர்க்காரர் அண்ணனிடம் திரும்பினார். "உங்கிட்ட?"

"எங்கிட்டயும் இல்லைங்க" என்றார் அண்ணன்.  நான் அறிந்து அண்ணன் சொன்ன ஒரே பொய் அது.

விலையைக் குறைத்துக் கேட்டார் அவர். செட்டை உடைத்து விற்பதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, பெட்டியில் மேலாக இருந்த உபரிப் பிரதிகளை எடுத்து வைத்தார். நல்ல நிலையில் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றை வாங்கிக்கொண்டு பெங்களூர்க்காரர் பணம் கொடுத்தார். கிணறு தோண்ட அது போதும், மோட்டாருக்குப் போதாது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் முன் சீட்டில் அசந்துவிட்டார்கள். நான் மெல்லக் கேட்டேன்.

"அண்ணா, பொட்டிக்குள்ள..."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

பஸ் இண்டூரைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த அறுபதும் பெங்களூரு போயிட்டா, அவங்க மாசாமாசம் எதுக்குத் தருமபுரிக்கு வரணும்?"

கிணற்றுக்கு ஆள் விட்டபோது அண்ணன் சும்மா இருக்கவில்லை. தினமும் விடிந்ததும் குழிக்குள் இறங்கி மண் அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். யாரும் சொல்லி அவர் இறங்கவில்லை. எட்டு முழத்திலேயே தண்ணீர் வந்தது. தண்ணீரைப் பார்த்த அன்றைக்கே அப்பாவிடம் நேராகச் சொன்னார்: "அந்தப் பென்னாகரத்துப் பொண்ண எனக்குக் கேளுங்கப்பா." மறுபடியும் அம்மா வாழைப்பழமும் பூவும் வாங்கினார். அண்ணி வீட்டுத் தெருவில் இந்த முறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு ஊர்க் கோயில்களிலும் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, திருமணம் எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது.

அண்ணியின் பதினொன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தன. தகரப் பெட்டியில் சேர்த்து அடுக்கும்போது அப்பாவும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எண்கள் நன்றாகத் தெரியும்.

"ஏம்ப்பா, அஞ்சு ரெண்டு இருக்குதே" என்றார்.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அண்ணிதான் சொன்னார். "ஆமாங்க மாமா. அன்னிக்கும் ரெண்டு இருந்துச்சுங்க."

"அன்னிக்குன்னா? அந்தப் பெங்களூர்க்காரரு வந்தன்னிக்கா?"

"ஆமாங்க."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க மாமா."

அப்பா இரண்டு புத்தகங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "இங்க வந்து பாரு. ஒரு மோட்டாரக் குடுத்து மருமகள வாங்கியிருக்கறான் உம்மவன்" என்றார்.

"கெணத்துல தண்ணி வந்துச்சில்ல, வுடுங்க" என்றார் அம்மா. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் வர இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை இறைக்கும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் அண்ணன் கடத்தூரில் சொந்தமாக நோட்டுப் புத்தகக் கடை வைத்தார். பழைய புத்தகமும் வாங்கி விற்றார். எடைக்குப் போட வருபவர்களின் கட்டில் மதிப்புள்ள ஒன்று இருந்தால், "இத எடைக்குப் போடாதீங்க, இதுக்குத் தனி விலை இருக்குது" என்று எடுத்துச் சொல்வார். அப்படிச் சொல்லி நல்ல புத்தகங்களை அவர் கைவிட்டதுதான் அதிகம். ஆனால் கடத்தூர் வட்டாரத்தில் பழைய புத்தகம் என்றால் முதலில் அவரிடம்தான் கொண்டுவந்தார்கள்.

ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் அண்ணன் அறுபது புத்தகங்களின் உறைகளையும் கழற்றிவிட்டார். எனக்குப் பதறியது. பிள்ளைகள் எண்ணெய்க் கையோடு படித்தார்கள், படுத்துக்கொண்டு படித்தார்கள். மகள் ஒருநாள் எட்டாம் இதழின் முகமூடியைக் கத்தரித்து, முகத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.  அண்ணன் அதன் இரண்டு பக்கமும் துளையிட்டு நூல் கோத்து, காதோடு கட்டிவிட்டார். அடுத்த மாதம் வந்த பெங்களூர்க்காரர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணி அவருக்குக் கறிச்சோறு போட்டு அனுப்பினார்.

வருடக்கணக்கில் சுவாசித்த பேப்பர்த் தூசி கடைசி மூன்று மாதம் அண்ணனுக்கு மூச்சுத்திணறலாக வந்தது. மருத்துவமனையிலும் அவர் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. நர்ஸ் பிள்ளைகளிடம் அவரவர் சின்ன வயதில் படித்த புத்தகம் எது என்று கேட்டுக்கொண்டிருப்பார். நோயில்பூசுதல் என்னும் இறுதி அருட்சாதனம் பெற்ற மறுநாள் காலை, அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாக விடைபெற்றார்.

அந்த மூன்று மாதமும் எங்களைத் தாங்கியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அண்ணனைத் தங்கள் தந்தைபோலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அழைத்தபோதெல்லாம் வண்டி எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்தன்று கொட்டும் மழையில் நின்று பாடிய பாடகர் குழுவுக்கும், கடையைத் திறந்து பார்த்துக்கொண்ட கடத்தூர் வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், மதுரையிலிருந்து அண்ணன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அவர் பட்டியல் எழுதிக் கேட்டிருந்த பழைய படக்கதைப் புத்தகங்களில் முதலாவது அது. அண்ணி கையைக் கழுவி வந்து பிரித்தார். பக்கங்களை எண்ணினார், பின்னைப் பார்த்தார். அன்றே ஒரு தபால் அட்டையில் பதில் எழுதினார்: "புத்தகம் நல்ல நிலையில் கிடைத்தது. கேட்டவர் காலமாகிவிட்டார். அவர் பட்டியலில் மீதியுள்ளவற்றை என் பெயருக்கு அனுப்பவும்." நாங்கள் முகம் பார்த்திராத அந்த மதுரை நண்பர் அன்றிலிருந்து மாதம் தவறாமல் ஒன்று அனுப்புகிறார். அவருக்கும் எங்கள் நன்றி. இந்த மாதத்துப் புத்தகம் நேற்று வந்தது. அண்ணி பாதி படித்திருக்கிறார். முடித்ததும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புத் தங்கை